போன் மெதுவானால் புதியது வாங்கத்தான் வேண்டுமா?

மழை இரவில் வீட்டை விட்டு அவசரமாக வெளியேறிய குடும்பங்களிடம், வரும்போது எதைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்தோம், போனை மடியில் செருகினோம் என்பார்கள். மண்வெட்டி, பாய், பானை, கோழிக்கூடு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அந்தப் போனுக்குள்ளே இடிந்த வீட்டின் படம் இருக்கிறது. இடியாமல் இருந்த காலத்துப் படமும் இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்தது இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரலும், பாடசாலையிலிருந்து வரும் செய்தியும், கிராம சேவகரின் இலக்கமும் அதற்குள்ளேதான். முன்பு லயத்து அறைகளில் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி செய்த வேலையை இன்று போன் செய்கிறது.

ஆகவே அந்தப் போன் தடுமாறத் தொடங்கும்போது குடும்பமே தடுமாறுகிறது. ஓர் அழைப்பை எடுக்க மூன்று முறை விரலால் தேய்க்க வேண்டியிருக்கிறது. படம் அனுப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. முப்பது வீதம் சார்ஜ் இருக்கிறதென்று காட்டிவிட்டு, பேச ஆரம்பித்ததும் அணைந்துபோகிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "இது முடிஞ்ச கேஸ், புதுசா ஒண்ணு பாருங்க" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

அண்மையில் எம்பிலிப்பிட்டியப் பக்கத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். மேட்டுப் பகுதியில் மரக்கறி செய்துகொண்டிருந்த குடும்பம், மண்சரிவு அபாயத்தால் இறங்கி வந்து இப்போது தகரக் கூரையின் கீழ் வாழ்கிறது. "போனு செத்துப்போச்சுங்க, புதுசு எடுக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார். காதில் தோடு இல்லை. அடகுக் கடைக்குப் போயிருந்தது. போனை வாங்கிப் பார்த்தோம். 32 ஜீபி இடத்தில் அரை ஜீபிகூட மீதமில்லை. "காலை வணக்கம்" சொல்லும் பூப்படங்களும், சிரிப்பு வீடியோக்களும், ஒரே வீடியோ ஐந்து குழுக்களிலிருந்து வந்த ஐந்து பிரதிகளும் நிறைந்து கிடந்தன. ஒரு மாலைப்பொழுது செலவழித்து அவற்றை நீக்கினோம். போன் பிழைத்துக்கொண்டது. தோட்டுக்கான வட்டி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய போன் மெதுவாவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் நம் குடும்பங்களின் கைகளில் உள்ள போன்களைப் பொறுத்தவரை இரண்டு நோய்களே அதிகம் காணப்படுகின்றன. ஒன்று இடம் நிரம்பிப்போதல், மற்றது பற்றரி முதுமையடைதல். முதலாவதைக் குணப்படுத்தக் காசு தேவையில்லை. இரண்டாவதற்குத் தேவையானது பற்றரியின் விலையும் அதை மாற்றும் கூலியும் மாத்திரமே. எந்த நோய் என்று தெரியாமல் புதிய போனுக்குக் கடன்படுவது, காய்ச்சல் வந்தவரைப் பரிசோதிக்காமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து அனுப்புவது போன்றது.

எந்த வைத்தியத்தையும் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போனில் உள்ள முக்கியமான படங்களை வேறோர் இடத்தில் சேமியுங்கள். சேதப் படங்களையும் ஆவணப் படங்களையும் வீட்டில் உள்ள இன்னொருவரின் போனுக்கு அனுப்பி வையுங்கள். மெமரி கார்ட் இருந்தால் அதிலும் ஒரு பிரதி போடுங்கள். மிக முக்கியமான பத்து, பதினைந்து படங்களைக் கொமினிகேசன் கடையில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, எடுத்த திகதியைப் பின்புறம் எழுதிப் பொலித்தீன் உறையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நட்டஈட்டு விசாரணைக்குப் போகும்போது அணைந்துபோன போனைக் காட்டிப் பயனில்லை. அவ்வாறே முக்கியமான தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இது பழைய பழக்கம்தான். ஆனால் மகனின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தாய்மார் இன்று எத்தனை பேர்?

இனி முதலாவது நோய்க்கு வருவோம். போனின் உள்ளே தகவல்களைச் சேமிக்கும் சில்லு, களஞ்சிய அறை போன்றது. மூட்டைகள் கூரைவரை அடுக்கப்பட்ட அறையில் ஒரு மூட்டையை எடுக்கவும் வைக்கவும் எவ்வளவு நேரமாகும்? இடம் முற்றாக நிரம்பினால் போன் ஒவ்வொரு சிறு வேலைக்கும் பழையதை நகர்த்தி, அழித்து, புதியதை எழுத வேண்டியிருக்கிறது. ஆறில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. 32 ஜீபி போன் என்றால் ஐந்து ஜீபி அளவு.

அமைப்புகள் பகுதியில், அதாவது 'செற்றிங்ஸ்' என்ற பல்சக்கரக் குறிக்குள் சென்று 'ஸ்ரோரேஜ்' என்பதைத் திறந்தால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். நிரப்புவது எது என்று பார்த்தால் பத்தில் எட்டுத் தடவை வட்ஸ்அப்தான் என்பது என் அனுபவம். வட்ஸ்அப்பின் அமைப்புகளிலும் 'ஸ்ரோரேஜ் அன்ட் டேற்றா' என்று ஒரு பகுதி உண்டு. அதற்குள் 'மனேஜ் ஸ்ரோரேஜ்' என்பதைத் தொட்டால், பெரிய வீடியோக்கள் முதலிலும், பலமுறை பகிரப்பட்டவை தனியாகவும் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்து நீக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டாம். பாட்டியின் கடைசிக் குரற்பதிவும் அதே இடத்தில்தான் இருக்கும். அதே பகுதியில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால், தேவையானதை மட்டும் தொட்டு இறக்கலாம். இதனால் டேற்றாக் காசும் மிஞ்சும்.

பயன்படுத்தாத செயலிகளை நீக்குவதும், வாரத்துக்கு ஒருமுறை போனை அணைத்து மீண்டும் போடுவதும் உதவும். "போனை வேகமாக்கித் தருகிறேன்", "பற்றரியைக் காப்பாற்றுகிறேன்" என்று விளம்பரம் செய்யும் செயலிகளை மாத்திரம் போட்டுக்கொள்ள வேண்டாம். அவை பின்னணியில் தாமே ஓடிக்கொண்டும் விளம்பரம் காட்டிக்கொண்டும் இருக்கும். சுமை தூக்க வந்தவர் நம் முதுகிலேயே ஏறிக்கொண்ட கதைதான்.

இடம் தாராளமாக இருந்தும் போன் தடுமாறினால் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். பற்றரி பழசானால் சார்ஜ் சீக்கிரம் தீரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது போனின் வேகத்தையும் குறைக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. உலகத்துக்கே இது வெளிச்சமானது 2017ஆம் ஆண்டின் இறுதியில்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில், அப்பிள் கம்பனியின் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், மிகவும் மெதுவாகிப்போன தன் போனின் பற்றரியை மாற்றினார். போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. அதை அவர் மற்றவர்களுக்கு அறிவிக்க, ஏராளமானோர் தங்கள் போன்களைச் சோதிக்கத் தொடங்கினர். சில நாட்களில் அப்பிள் கம்பனி உண்மையை ஒப்புக்கொண்டது. முதுமையடைந்த பற்றரியால் போன் திடீரென அணைந்துபோவதைத் தடுப்பதற்காக, அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட மென்பொருள் மூலம் போனின் வேகத்தைக் குறைத்ததாகக் கூறியது. காரணம் தொழில்நுட்ப ரீதியில் நியாயமானதே. ஆனால் பாவனையாளருக்கு அதைச் சொல்லவில்லை. போன் பழசாகிவிட்டது என்று எண்ணிப் பலர் புதியது வாங்கிவிட்டார்கள், பற்றரியை மாற்றியிருந்தாலே போதுமாயிருந்தும். டிசம்பர் 28ஆம் திகதி கம்பனி மன்னிப்புக் கேட்டது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் அரசு 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பாவனையாளர் தொடுத்த வழக்கை முடிக்க 500 மில்லியன் டொலர்வரை செலுத்தக் கம்பனி உடன்பட்டது. இத்தாலியோ 2018இலேயே அப்பிளுக்கு மட்டுமன்றிச் சம்சுங் கம்பனிக்கும் அபராதம் விதித்திருந்தது. பழைய போன்களுக்குப் பொருந்தாத புதிய மென்பொருளை ஏற்றும்படி வற்புறுத்தியது குற்றமாகக் காணப்பட்டது.

நம் கைகளில் ஐபோன் அதிகமில்லை, பெரும்பாலும் அன்ரொயிட் போன்கள்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 2017இல் சம்சுங் உட்படப் பல கம்பனிகள் தாங்கள் அவ்வாறு வேகத்தைக் குறைப்பதில்லை என்று அறிவித்தன. அப்படியானால் அந்தப் போன்களில் முதிய பற்றரி என்ன செய்யும்? வேகத்தைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லாமல் போன் திடீரென அணைந்துபோகும். நம் வீடுகளில் அதிகம் காண்பது இதைத்தான். எந்தக் கம்பனியின் போனானாலும் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. முதிய பற்றரி எளிதில் சூடேறும்.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள, உடவளவை நீர்த்தேக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 1960களில் கட்டப்பட்ட அந்தத் தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியே வரும் தண்ணீரில்தான் இந்தப் பகுதியின் வயல்களும் வாழைத் தோட்டங்களும் வாழ்கின்றன. ஒரு குளத்துக்கு வயதாகும்போது இரண்டு கெடுதிகள் நேரலாம். அடியில் வண்டல் படிந்து குளம் கொள்ளும் நீரின் அளவு குறையும். வாய்க்கால் தூர்ந்து, குளத்தில் நீர் இருந்தும் வயலுக்கு வேகமாக வராமற் போகும். பற்றரியிலும் இவை இரண்டுமே நடக்கின்றன.

நம் போன்களில் இருப்பது லிதியம் அயன் பற்றரி. 1991இல் ஜப்பானின் சொனி கம்பனி இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பற்றரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு லிதியம் அயன்கள் நகர்வதால் மின்சாரம் கிடைக்கிறது. சார்ஜ் செய்யும்போது அவை திரும்பி வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் ஒரு சிறு பகுதி லிதியம் உள்ளே படியும் மெல்லிய படலத்தில் சிக்கி நின்றுவிடுகிறது. அது வண்டல். அந்தப் படலம் தடிக்கத் தடிக்க மின்சாரம் வெளியே வருவதற்கான தடையும் கூடுகிறது. அது தூர்ந்த வாய்க்கால்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பற்றரி நிரம்பியிருக்கும்போது சுமார் 4.2 வோல்ற்று இருக்கும். 3 வோல்ற்றைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பாதிக்குக் கீழே சார்ஜ் உள்ள பற்றரி 3.7 வோல்ற்றில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம. கமராவைத் திறந்தால் போன் ஒரு கணம் 2 அம்பியர் மின்சாரம் கேட்கிறது. புதிய பற்றரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ற்றுதான் இறங்கும். 3.5 வோல்ற்று மிஞ்சுவதால் குறையில்லை. முதுமையில் உள்தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் 0.6 வோல்ற்று இறங்கி 3.1க்கு வந்துவிடும். போன் அணைந்துபோகும். சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் முப்பது வீதம் என்று காட்டும். போன் பொய் சொல்லவில்லை. குளத்தில் நீர் இருக்கிறது, மதகால் வர முடியவில்லை.

ஐபோன் 14 வரையான தன் போன்களின் பற்றரி, 500 முழுச் சுற்றுகளுக்குப் பின்னும் ஆரம்பக் கொள்ளளவில் 80 வீதத்தைத் தாங்கும் என்று அப்பிள் கம்பனியே கணக்கிடுகிறது. ஒரு சுற்று என்பது மொத்தமாக நூறு வீதம் செலவாவது. இன்று ஐம்பதும் நாளை ஐம்பதும் செலவிட்டால் அது ஒரு சுற்று. தினமும் ஒரு சுற்று என்றால் ஒன்றரை ஆண்டுக்குள் 500 முடிந்துவிடும். நான்கு, ஐந்து வயதான போனின் பற்றரி களைத்துப்போயிருப்பதில் ஆச்சரியமில்லை. அது போனின் குற்றமுமில்லை, உங்கள் குற்றமுமில்லை.

ஆனால் பற்றரியை வயதுக்கு முன்பே கிழமாக்கும் எதிரி ஒன்று உண்டு. அது வெப்பம். இரக்குவானை, பலாங்கொடை மேட்டுப் பகுதிகளின் குளிரில் இருந்து இறங்கி எம்பிலிப்பிட்டியவின் உலர் நிலத்துக்கு வந்தவர்கள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். இங்கே பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியசை எட்டுவது சாதாரணம். நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடுதலாக இருக்கும். 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் போனை வைத்திருப்பது பற்றரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். முழுமையாகச் சார்ஜ் செய்து ஓராண்டு வைத்திருந்த பற்றரி 25 பாகையில் சுமார் 80 வீதக் கொள்ளளவையும், 40 பாகையில் சுமார் 65 வீதத்தையுமே மீதம் வைக்கும் என்பது இத்துறையில் பரவலாகக் காட்டப்படும் அளவீடு. மலையில் நான்கு வருடம் உழைத்த அதே போன் இங்கே இரண்டு வருடத்தில் களைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம்.

எனவே வயல் வரப்பில் வெயிலில் போனை வைக்காதீர்கள். முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பது அதைவிட மோசம். சார்ஜ் செய்வதை நண்பகலில் தகரத்தின் கீழ் செய்யாமல், வெயில் தாழ்ந்த பிறகோ விடியற்காலையிலோ சீமெந்துத் தரையில் வைத்துச் செய்யுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்யும் பழக்கத்தை இளைஞர்கள் விட்டுவிட வேண்டும். சூரியத் தகட்டில் சார்ஜ் செய்வோர் தகட்டை வெயிலிலும் போனை நிழலிலும் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வெயிலில் கிடத்தியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். சூடான போனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. உள்ளே நீர் துளிர்த்துவிடும்.

சார்ஜை முற்றாக இறக்கி, பின் முற்றாக ஏற்ற வேண்டும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிகளுக்குச் சொல்லப்பட்ட பாடம். லிதியம் பற்றரிக்கு அது கெடுதல். சாதாரண நாட்களில் இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருப்பதே அதற்குச் சுகம்.

நோய் பற்றரியில்தான் என்று எப்படி உறுதிசெய்வது? எளிய சோதனை ஒன்று உண்டு. போனைச் சார்ஜரில் இணைத்துவிட்டு, வழக்கமாக அணைந்துபோகும் வேலையைச் செய்து பாருங்கள். கமராவைத் திறவுங்கள், வீடியோ அழைப்பு எடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஒழுங்காக இயங்கி, கழற்றியதும் தடுமாறினால் பற்றரிதான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இரண்டு நிலையிலும் ஒரேபோல் மெதுவாக இருந்தால் மறுபடி இடத்தையும் செயலிகளையும் பாருங்கள். ஐபோனில் 'பற்றரி ஹெல்த்' என்ற பகுதி வீதத்தையே காட்டிவிடும். 80க்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். சம்சுங் போன்களில் 'சம்சுங் மெம்பர்ஸ்' என்ற செயலிக்குள் பற்றரியைப் பரிசோதிக்கும் வசதி உண்டு. சார்ஜ் ஏறாமல் இருப்பதற்குப் பற்றரியைக் குற்றம் சொல்லுமுன், வயர் பழுதா என்று இன்னொரு வயரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் செய்யும் துவாரத்தில் புழுதி அடைத்திருப்பதும் உண்டு. போனை அணைத்துவிட்டு, மரப் பற்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

பற்றரி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பின்மூடியைக் கையால் கழற்றக்கூடிய பழைய போன் என்றால் நீங்களே மாற்றலாம். ஒட்டி மூடப்பட்ட போனைக் கடையில்தான் கொடுக்க வேண்டும். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பழைய பற்றரியில் 4000 என்று அச்சிட்டிருக்க, அதே பருமனுள்ள புதியதில் 8000 என்று போட்டிருந்தால் அது பொய். ஒரே அளவுப் பானையில் இரட்டிப்புத் தண்ணீர் நிற்காது. கொடுக்குமுன் சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பற்றரி மாற்றுவதற்குத் திருத்துபவருக்கு உங்கள் வங்கிச் செயலியின் இரகசிய இலக்கம் தேவையில்லை. முடிந்தால் அருகிலேயே நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள். பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள போனை இரண்டு நாள் கடையில் விட்டு வருவது புத்தியல்ல.

"முழுசா அழிச்சுட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்று சொல்வார்கள். அது சில வேளைகளில் உதவுவது உண்மைதான். ஆனால் அதன்பின் உள்ளே ஒன்றும் இருக்காது. முன்பு சொன்ன படங்களின் பிரதி கையில் இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அழித்த பின் போன் பழைய கூகுள் கணக்கின் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அது மறந்துபோயிருந்தால் நல்ல போனும் திறவாத பெட்டியாகிவிடும்.

போனின் பின்மூடி உப்பி எழுந்திருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கி நின்றாலோ உள்ளே பற்றரி வாயுவால் வீங்கியிருக்கிறது. இதற்குத் தாமதம் கூடாது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்திச் சமப்படுத்தவோ ஊசியால் குத்தவோ வேண்டாம், தீப்பற்றும். 2016இல் சம்சுங்கின் நோட் 7 போன்கள் பற்றரிக் குறையால் தீப்பற்றி, உலகெங்கும் மீளப்பெறப்பட்டு அந்த மாதிரியே கைவிடப்பட்டது. பொலித்தீன் விரிப்பும் பலகையும் கொண்டு கட்டிய கூடாரத்தில் அப்படி ஒரு தீ என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. வீங்கிய போனை வீட்டுக்கு வெளியே, வெயில் மழை படாத இடத்தில், மணல் போட்ட தகர டின்னில் வைத்து, விரைவில் திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது. பிள்ளைகள் கையில் விளையாடவும் கொடுக்கக் கூடாது.

பற்றரியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு முக்கிய காரணம் மழைக்காலம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் செய்ததையும் இந்தப் பக்கங்களை வாசிப்போருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய நாட்களில் மின்சாரம் போகும், தொலைபேசிக் கோபுரங்கள் பலவும் செயலிழக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அந்தச் செய்தி இரவு இரண்டு மணிக்கு வந்தால் அதைப் பெற்றுக்கொள்ளும் போன் ஒன்றாவது அந்த வரிசையில் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆகவே எண்பது வீதத்தோடு நிறுத்துங்கள் என்று மேலே சொன்னதை மழை எச்சரிக்கை நாளில் மறந்துவிடுங்கள். அன்று மாலையே நூறு வீதம் ஏற்றுங்கள். பற்றரிச் சேமிப்பு முறையைப் போட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, டேற்றாவை அணைத்து, அழைப்புக்கு மட்டும் வைத்திருங்கள். சிக்னல் குறைந்த பள்ளத்தில் உள்ள வீடுகளில் போன் கோபுரத்தைத் தேடிக் கூடிய சக்தியைச் செலவிடும். அங்கே சார்ஜ் இருமடங்கு வேகத்தில் இறங்கினால் வியப்பில்லை. சற்று மேடான, பாதுகாப்பான வீட்டில் ஒரு போனை வைத்து, முறைவைத்து விழித்திருக்கலாம். பொத்தான் உள்ள சாதாரணப் போன் ஒன்று வீட்டில் கிடந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாட்கள் தாங்கும். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் அது போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் சேவை 1990. இவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தும் பிழைக்காத போன்கள் உண்டு. அன்ரொயிட் 5க்கு முந்தைய போன்களில் வட்ஸ்அப் இப்போது இயங்காது. பாதுகாப்பு மென்பொருள் வருவது நின்று பல ஆண்டுகளான போனில் வங்கிக் கணக்கைக் கையாள்வதும் நல்லதல்ல. அப்போது வேறு போன் வாங்கத்தான் வேண்டும். பழைய போன் வாங்குவதாயின், காசு கொடுக்குமுன் அதில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, சதுரக் குறி ஆகியவற்றை வரிசையாக அழுத்துங்கள். ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண் தோன்றும். உங்கள் போனில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு, கடைக்காரர் முன்னிலையிலேயே சார்ஜரைக் கழற்றி, கமராவைத் திறந்து, பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். எத்தனை வீதம் இறங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, அதன்பின் விலையைப் பேசுங்கள்.